ராகு காலம், எமகண்டம், கரண்ட் கட்

எங்க அக்கா கல்யாணத்துக்கு ராகு காலம் பாத்தோம், எமகண்டம் பாத்தோம், கரண்ட் கட்டும் பாத்தோம். சிரிக்காதீங்க. ரெண்டாயிரத்துப் பத்து வாக்குல சில வருஷம், சென்னைக்குத் தெக்கால இருக்கற எங்க படூர்ல அப்படித்தான். ஒரு மாசம் காலையில கரண்ட் போவும், அடுத்த மாசம் மத்தியானம் போவும். தெருவே அதுக்கேத்த மாதிரி துவைக்கும், அரைக்கும்.

எங்க வூட்டுக்கு எதிர்ல, அம்மா ஒரு காலத்துல கூலிக்கு நாத்து நட்ட கழனியில, கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு எழும்பியிருந்தது. அங்கதான் எனக்குத் தரை துடைக்கிற வேலை. உள்ள பெரிய ஹால். மனுசங்க கிடையாது, வரிசையா இரும்பு அலமாரி, அது நிறைய கம்ப்யூட்டர். டேட்டா சென்டர்னு பேரு. அதுங்களுக்கு ராப்பகலா ஏசி. தெருவுல கரண்ட் போனாலும் அங்க போவாது. தனி லைன், தனி ஜெனரேட்டர். அம்மா வாசல்ல விசிறியோட குந்திகினு கேக்கும், "அந்தப் பொட்டிங்களுக்கு இன்னா ஜொரமா, இவ்ளோ சில்லுனு வெச்சிகினு கீறாங்க?" சம்பளம் வாங்குற எனக்கே வயிறு எரியும்.

மாப்பிள்ளை வூடு சதுரங்கப்பட்டினம். கல்யாணத்தன்னிக்கு விடிஞ்சதும் வேன்ல வந்து இறங்குவாங்க, முதல் பந்தி இட்லி எங்க பொறுப்பு. மாப்பிள்ளையோட பெரியம்மா, பொண்ணு பாக்க வந்தப்பவே பஜ்ஜியில உப்பு இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவங்க. இட்லி கல்லா போச்சுன்னா அக்காவைக் காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்கன்னு அம்மாவுக்குப் பயம்.

முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு ஊறின அரிசியைக் கிரைண்டர்ல கொட்டினோம். கல்லு நாலு சுத்து சுத்திட்டு நின்னுபோச்சு. அப்பதான் உறைச்சுது, அன்னிக்கு ஒண்ணாந்தேதி. கரண்ட் கட் காலையிலேருந்து மத்தியானத்துக்கு மாறிடுச்சு. ராகு காலம், எமகண்டம் எல்லாம் பாத்த எங்க நைனா, மாசம் பொறந்ததைப் பாக்காம விட்டுட்டு தலையில கைய வெச்சிகினாரு.

சாயங்காலம் கரண்ட் வந்துது. தெருவே ஒண்ணா ஃபேனும் மோட்டாரும் போட, டிரான்ஸ்பார்மர் வெடிச்சுது. ஆட்டுக்கல்லை எப்பவோ கோழிக்குத் தண்ணி வைக்கப் போட்டுட்டோம். அம்மா அழவே ஆரம்பிச்சிடுச்சு.

எதிர்ல கட்டடம் ஜெகஜோதியா எரிஞ்சிகினு இருந்தது. நேரா போயி, கரண்ட் ஏசியெல்லாம் பாத்துக்கற ஆபீசர் முன்னால நின்னு, அங்க வேலை செய்யறவங்க கேன்டீன்ல மாவாட்டிக்கலாமான்னு கேட்டேன். வெளிப் பொருளை உள்ள விட முடியாதும்மான்னாரு. எனக்குக் கோவம் பொத்துகினு வந்துது.

"சார், ஆளே இல்லாத ரூமுக்கு ராப்பகலா கரண்ட் கீது. எங்க அக்கா கல்யாணத்துக்கு மாவாட்ட இல்லியா? கேன்டீன் கிரைண்டர் சும்மாதானே கெடக்குது?"

வேலை போச்சுன்னுதான் நெனச்சேன். அவரு சிரிச்சிட்டு, "எனக்குப் பத்திரிகையே வைக்கலியே"ன்னாரு.

கேட் வாட்ச்மேன் அண்ணாத்த சட்டம் மீறாத ஆளு. அரிசி அண்டாவுக்கு ஒரு விசிட்டர் அட்டை, உளுந்து அண்டாவுக்கு ஒரு விசிட்டர் அட்டை மாட்டித்தான் உள்ள விட்டாரு. தெருப் பொம்பளைங்க சிரிச்சிகினே தூக்கிகினு வந்தாங்க. கேன்டீன் ஏசியில நின்னுகினு அம்மா, "இங்கதான் மேலண்ட வரப்பு இருந்துது"ன்னு எல்லாருக்கும் காட்டிச்சு. அழுத மூஞ்சியே காணோம். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் மணப்பொண்ணுக்குக்கூட இருந்திருக்காது.

காலையில இட்லி பூ மாதிரி வந்துது. பெரியம்மா ஒண்ணைப் பிட்டு வாயில போட்டு, "எந்தக் கிரைண்டர்ல ஆட்டினீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்குப் பொய் வராது. நடந்ததை அப்படியே சொல்லிடுச்சு.

பெரியம்மா வாயில இருந்ததை முழுங்கிட்டுச் சொன்னாங்க, "எங்க ஊருக்குப் பக்கத்துல அணு உலையிலதான் கரண்ட்டே தயாராவுது. எங்க தலைக்கு மேலயே கம்பியில போவுது, எங்க வூட்டுக்குள்ள மட்டும் வந்து நிக்காது. இங்க இட்லியாவாச்சும் கைக்குக் கிடைச்சுதே. இன்னும் ரெண்டு வை, சம்பந்தி."

அம்மா நாலு வெச்சுது.