பிரபாகர் சாரின் வலது கை

மெத்தைக் கடை சலாவுதீன் பாயின் மகள் மெஹ்ஜபீன், ஜிம் பிரபாகரின் வலது கையை மேடையிலேயே முறித்துப் போட்டுவிட்டாள். தருமபுரியில் இப்போது யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டீக்கடையில் சத்தம்கூடப் போட்டுக் காட்டுகிறார்கள், முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி. எலும்பு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்கிறார். அவர் அன்றைக்கு ஏரியூரில் கறிவிருந்தில் இருந்தார். அவர் வீட்டம்மாவே சொன்னது.

நடந்ததை நான் சொல்கிறேன். மெத்தைக் கடைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு விழா நடந்த மண்டபத்திலும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கூல்டிரிங்ஸ் முதலில் அங்கேதான் வரும்.

மெஹ்ஜபீன் பெங்களூரில் வேலை பார்த்தபோது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்றுக்கொண்டாள். அதில் குத்து, உதை கிடையாது. கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ பூட்டுப் போட்டுப் பிடிக்கிற சண்டை. பூட்டில் மாட்டியவர் எதிராளி மேலோ தரையிலோ கையால் தட்டினால், தோற்றேன் என்று அர்த்தம். தட்டிய நொடியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மூட்டு போய்விடும். இது ஒன்றுதான் இந்தக் கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியவள், பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க இடம் கேட்டு பிரபாகரின் ஜிம்முக்குப் போனாள். அவரும் எங்கேயோ ஒரு முகாமில் இதைக் கற்றவர்தான். ஆள் நெல் மூட்டை மாதிரி இருப்பார்.

"மொதல்ல எங்கூட ஒரு ரவுண்டு போடும்மா, அப்புறம் பேசலாம்" என்றார்.

போட்டாள். கையைப் பூட்டினார். அவள் தரையில் விரித்திருந்த மெத்தையில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். முழங்கைக்குள் ஏதோ அறுந்துபோகிற வரைக்கும் அவர் விடவில்லை. எழுந்து நின்று, சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"மெத்தக்கடப் பொண்ணாச்சே! பழக்கதோஷத்துல மெத்தையத் தட்டுதுன்னு நெனச்சிட்டேன்."

அந்த ஜோக் அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. முழங்கை இன்றுவரை முழுசாக நீளவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றார் சலாவுதீன் பாய்.

"வேணாம்ப்பா. எனக்கு கேஸ் வேணாம். அந்தாளு கைதான் வேணும்" என்றாள்.

கடைக்குப் பின்னாலிருந்த பஞ்சு குடோனில் வகுப்பு ஆரம்பித்தாள். பழைய மெத்தைத் துணியில் பஞ்சடைத்து ஒரு ஆள் பொம்மை தைத்தாள். கறுப்பு நூலில் மீசை வைத்தாள். அசல் பிரபாகர்! பொம்மைக்குப் பேரே 'சார்'. "அக்கா, சார் கை மறுபடியும் பிஞ்சிருச்சு!" என்று பிள்ளைகள் கத்துவது என் கடை வரை கேட்கும். வலது கையை மட்டும் எத்தனை முறை தைத்தாளோ!

ஆனால் கற்றுக்கொடுக்கும்போது அவள் வேறு ஆள். புதிதாக வருகிற பெண்ணிடம் முதலில் தன்னுடைய கெட்டுப்போன கையைத்தான் நீட்டுவாள். "இத வலிக்காம பூட்டிக் காட்டு. அப்புறம் எந்தக் கையா இருந்தாலும் உனக்கு வரும்" என்பாள். எதிராளி தட்டிய பிறகும் பிடித்திருந்தால், "செருப்ப மாட்டிக்கிட்டு இன்னிக்கு வூட்டுக்குக் கெளம்பு" என்பாள். அதில் மன்னிப்பே கிடையாது. கம்பைநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிற மணிமேகலை, அவளுடைய கெட்டிக்கார மாணவி. அவளே ஒருநாள் அழுதுகொண்டே செருப்பு மாட்டிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு பெருகியது. பிரபாகருக்குப் பொறுக்குமா? தன் ஜிம்மிலும் பெண்களுக்குத் தனி வகுப்பு என்று பேனர் கட்டினார். மண்டபம் பிடித்து விழா வைத்தார். மெஹ்ஜபீனிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கெல்லாம் அழைப்பு. அவளுக்கும் அழைப்பு, மேடையில் சால்வை போர்த்தி ஆளையே அமுக்கிவிடலாம் என்று.

சால்வையை வாங்கி மடித்து வைத்தாள். "டெமோ ஒண்ணு காட்டலாங்களா சார்? உங்ககூடவே" என்றாள். மைக்கில் கேட்டுவிட்டாள். அவர் எப்படி மாட்டேன் என்பார்?

தொடங்கியதும் இவள் மல்லாக்க விழுந்தாள். அவர் மேலே. விசில் பறந்தது. இந்தச் சண்டையில் கீழே கிடப்பது தோல்வியில்லை என்று விசிலடித்தவனுக்குத் தெரியாது. கால்களால் அவர் இடுப்பை வளைத்து, வலது கையை மடக்கி முதுகுப் பக்கம் ஏற்றிவிட்டாள். அவர் முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. ஊர் பார்க்கிறது, எப்படித் தட்டுவார்? இடது கையால் அவள் தோளில் தட்டினார். "சபாஷ்மா! நல்லா பண்ற!"

அவள் உடனே விட்டுவிட்டாள்.

பிரபாகர் மைக்கைப் பிடித்தார். "நாமதாங்க பொண்ணுங்களத் தட்டிக் குடுக்கணும்!" ஒரே கைத்தட்டல்.

"இன்னொருக்கா சார்" என்றாள் மெஹ்ஜபீன்.

அதே பூட்டு, அதே கை. மறுபடி தோளில் தட்டி, "வெரி குட்மா!" விட்டாள். மறுபடி பிடித்தாள். மறுபடி சபாஷ். கைத்தட்டல் நின்று, அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு பெருசு எழுந்து கேட்டது:

"ஏம்ப்பா பிரபாகரு, எவ்ளோ நேரந்தான் தட்டிக் குடுப்ப? கை வலிக்காதா?"

மண்டபமே அதிர்ந்தது. பிரபாகருக்கு வெறி வந்துவிட்டது. அவளுடைய கெட்ட முழங்கை மேலேயே முழு எடையைப் போட்டு அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பினாள். வலது கை இந்த முறை ஆழமாக மாட்டியது. சபாஷ் வரவில்லை. மேடையில் விரித்திருந்த மெத்தையில் உள்ளங்கையால் படபடவென்று அடித்தார். "விடு... விடும்மா..."

"என்ன சார், மெத்தையத் தட்டுறீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டாள். முன்வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. பிடி தளரவில்லை. இன்னும் ஒரு விரற்கடை ஏற்றினால் முடிந்தது. அவள் கண்ணைப் பார்த்தபோது ஏற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஓரமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அக்கா, தட்டிட்டாரு" என்றாள் மணிமேகலை. கத்தவில்லை. குடோனில் அக்கா சொல்கிற அதே குரல்.

மெஹ்ஜபீன் விட்டுவிட்டாள்.

மறுநாள் பிரபாகர் கழுத்திலிருந்து துணியால் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். தட்டித் தட்டித் தோற்றார் என்பதைவிட, ஏமாற்றிக் கையை முறித்துவிட்டாள் என்றால் கௌரவம் பாருங்கள். அந்தத் தொட்டிலிலிருந்து கையை எடுத்துத்தான் என் கடை வாசலில் புல்லட்டைத் தூக்கி ஸ்டாண்டு போட்டார். ஆனாலும் ஊர் நம்பியது. இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை நிறுத்தியும் விட்டார்கள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுமுன் குடோன் வாசலில் அவளை நிறுத்தி, "ஏம்மா, ஊரே கைய ஒடிச்சிட்டன்னு பேசுதே, என்ன எழுதட்டும்?" என்றேன்.

"ஒடிக்கலண்ணா. ஒடிக்கத்தான் போனேன். புள்ளைங்க பாத்துட்டு இருந்துச்சுங்க, விட்டுட்டேன். அதுக்குன்னு ரொம்ப நல்ல பொண்ணு கிண்ணுன்னு எழுதித் தொலைச்சிடாதீங்க."