இரண்டு அம்மாக்கள் சோதித்த சில்லு

நேற்று கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போனேன். ஈயம் உருகும் வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கடைக்காரர் கேட்டது எதுவும் காதில் விழவில்லை. எண்பதுகளில், செரண்டா ஊரில் ஒரு தொழிற்சாலையின் பின்னறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே நானும் கதீஜாவும் தொலைபேசிக்கான சில்லு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். தூரத்து அழைப்பில் நம் குரலே திரும்பி வந்து தொல்லை கொடுக்குமே, அந்த எதிரொலியை அழிப்பது அதன் வேலை. ஒரே சில்லுக்குள் நாலு குட்டிக் கணிப்பான்கள். குரல் துளித்துளியாக வரும்; அடுத்த துளி வருவதற்குள் நாலும் வேலையைப் பங்கு போட்டு முடித்தாக வேண்டும். என் அம்மா கலும்பாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் உறைவதற்குள் அதை நிறுக்கும் ஸ்டோருக்கு ஓடும் அவசரம் எனக்குப் புதிதா என்று பீற்றிக்கொள்வேன்.

சண்டை நாலாவது கணிப்பானைப் பற்றி. அதற்கு ஒரே வேலையை நிரந்தரமாகச் செதுக்கிவிடலாம், இடம் மிச்சம் என்றேன் நான். நிரலை மாற்றிக்கொள்ளும்படி விட வேண்டும் என்றாள் கதீஜா. கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த குடும்பம். வாயில் அவளை ஜெயிக்க முடியாது. வெள்ளிக்கிழமை வரைபடம் வெளிநாட்டு ஆலைக்குப் போகிறது. சில்லு கெட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா என்னாகும்?" என்றாள்.

"போன்ல யாரு அப்படிப் பேசுவா? ஒருத்தர் முடிச்சப்புறந்தானே அடுத்தவரு?" என்றேன். நான் படித்த புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின.

"ஒங்கம்மாவயும் எங்கம்மாவயும் பேச விட்டுப் பாப்போம் லா."

சில்லுக்கு முன்னோட்டமாகக் கம்பிகள் பின்னி வைத்திருந்த மாதிரிப் பலகை வழியாக இரண்டு ஊரையும் இணைத்தோம். தோட்டத்து ஆபீஸ் போனில் நல்ல சேதி வந்ததே இல்லை. கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டதும் அம்மா அலறியடித்து வந்தார்.

"ஐயோ, எம்மவனுக்கு என்னாச்சி?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி, நான் கதீஜாவோட உம்மா. சாப்பிட்டியளா? புள்ள எளச்சுப் போயிட்டானாமே..."

"அவன் எங்க ஒழுங்காத் திங்கிறான்..."

அதற்குமேல் யாரும் யாரையும் விடவில்லை. எது குரல், எது எதிரொலி என்று தெரியாமல் பலகை இருவர் பேச்சையும் விழுங்கிவிட்டு நாய் மாதிரி ஊளையிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான்! அங்கே யார் யாரைப் பேசி முடிக்க விட்டார்கள்?

நாலாவதைக் கதீஜா சொன்னபடியே விட்டோம். இருவர் சேர்ந்து பேசுவதை அது கண்டுபிடித்து, மற்ற மூன்றையும் பொறுத்திருக்கச் சொல்லும்படி நிரல் எழுதினாள். எத்தனையோ தடவை மாற்றியும் எழுதினாள். சில்லு பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம்.

அந்தப் பிரிவு இன்று இல்லை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அம்மாக்கள் இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவில்லை. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் போனிலேயே ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசித் தீர்த்தார்கள். அம்மா போன சேதியை உம்மாவுக்கு நான்தான் சொன்னேன். பாதியில் குறுக்கிடுவார் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் வாயே திறக்கவில்லை. நான் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.