ரெக்சின் தைத்தவளின் பிள்ளைப்பேறு

தேனி மாவட்டத்துக் கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சீட் கடையில் வேல்விழி ஒன்பது வருடமாக ரெக்சின், அதாவது பிளாஸ்டிக் பூசிய சீட்டுத் துணி, தைத்து வந்தாள். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் பாதிக்கு அவள் கைத் தையல்தான். மழையும் சேறும் பட்டாலும் அவள் போட்ட தையல் விடாது என்று டிரைவர்கள் சொல்வார்கள். மாரிசெல்வமும் அப்படிச் சொன்ன டிரைவர்களில் ஒருவன்தான். கிழிந்த சீட்டைத் தைக்கக் கொண்டுவந்தவன், பிறகு கிழியாத சீட்டோடும் வர ஆரம்பித்தான். மறுவருடம் கல்யாணம்.

முதல் கரு நான்காம் மாதம் கலைந்துபோனது. இரண்டாவது தங்கியபோது ஐந்து மாதம் வரை அவள் அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. தைக்கும்போது வயிற்றில் ஏதாவது இழுத்தால் மிஷினை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஐந்தாம் மாதத்தில்தான் சுகாதார நிலையத்தில் நாகஜோதி அவளைப் பார்த்தாள். கர்ப்பிணிகளின் உடம்பில் பிளாஸ்டிக்கில் கலக்கும் மருந்து எவ்வளவு சேர்கிறது என்று அளக்கும் ஓர் ஆய்வுக்குக் களப்பணி செய்தவள்.

"பிளாஸ்டிக்கு தானா வளையாது வேல்விழி. வளையுறதுக்கு ஒரு மருந்து கலப்பாக. அது கொஞ்சங் கொஞ்சமா வெளிய வந்து நம்ம உடம்புக்குள்ள போகும். யூரின்ல பாத்தாத் தெரியும்."

வேல்விழி கண்ணாடிக் குப்பியில் சிறுநீர் கொடுத்தாள். ரத்தம் எடுக்காதவரை நிம்மதி என்றுதான் அன்று நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து நாகஜோதி வீட்டுக்கே வந்தாள். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நெறையப் பேருக்கு முப்பது, நாப்பதுக்குள்ள வந்திருக்கு. ஒனக்கு நூத்தி அறுபத்தெட்டு."

"பிள்ளைக்கு என்னாகும்க்கா?"

"அது தெரியலம்மா. கூடுதலா இருந்தாக் கொறமாசத்துல பொறக்கலாம்னு சில ஆய்வுல சொல்லியிருக்காக. எத்தனைக்கு மேல போனா ஆபத்துன்னு யாராலயும் இன்னும் சொல்ல முடியல. அதுக்குத்தான் இந்த ஆய்வே."

ஆபத்து என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், ஒன்றுமில்லை என்றிருந்தால் தூங்கியிருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் போனது. அன்று சாயங்காலமே சமையல்கட்டில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களைச் சாக்கில் கட்டி வெளியே வைத்தாள். மாரிசெல்வம் எவர்சில்வர் தூக்கு வாங்கி வந்தான். ஆனாலும் மறுநாள் கடையில் புது ரெக்சின் சுருளை விரித்தபோது, ஒன்பது வருடமாக மூக்குக்குப் பழகியிருந்த அந்த வாடை அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மூலை படிய வேண்டும் என்று சூடுகாட்டி இழுக்கும்போது எழும் ஆவி நேரே முகத்தில்தான் அடித்தது.

நாகஜோதிக்குப் போன் போட்டாள். "அக்கா, ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒண்ணு, வேலை முடிஞ்சு ஒண்ணு எடுத்துப் பாப்பமா?"

நாகஜோதி ஆய்வுக்கூடத்தில் கேட்டு அனுமதி வாங்கினாள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. காலையில் எடுத்தது முப்பத்தொன்பது. சாயங்காலம் எடுத்தது நூற்றி எழுபத்திரண்டு.

முதலாளி தங்கப்பாண்டியனிடம் அவள் சொன்னபோது, அவர் முதலில் சிரித்தார்.

"இருவத்தஞ்சு வருசமா இதே வாடையிலதான உக்காந்திருக்கேன். எனக்கென்ன ஆச்சு?"

"ஒங்க வயித்துல பிள்ளை இல்லண்ணே."

அவருக்குச் சிரிப்பு நின்றது. காற்றில் தூசி வந்து பசையில் ஒட்டுகிறது என்று அவர் அடைத்து வைத்திருந்த ஜன்னலைப் பார்த்தார். "ரெக்சினத் தொடாத ஆத்தா. ஜீப்புக்கு மேல போடுற கித்தான் படுதா இருக்கு, வெறும் பருத்திதான், அத வீட்ல வச்சுத் தையி" என்றார். அந்த வாரமே ஜன்னலையும் திறந்து, சூடுகாட்டும் வேலையை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினார்.

வேல்விழி வீட்டிலிருந்து தைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்ததில் அளவும் இறங்கியிருந்தது. ஆனால் எட்டாம் மாதம் தொடங்கிச் சில நாளிலேயே, வெயில் ஏறிய ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. தேனிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை.

"ரெக்சினாலதானா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொறமாசத்துக்கு நூறு காரணம் உண்டும்மா" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் பிள்ளையைக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு. மூக்கு வழியாகப் பால் போக ஒரு மெல்லிய குழாய். கையை நீட்டிய வேல்விழியின் விரல் அந்தக் குழாயில் பட்டது. வழவழப்பு, வளைவு, அழுத்தினால் மெல்லத் திரும்பி வரும் அந்தப் பதம். ஒன்பது வருடம் ரெக்சின் பிடித்த விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்து நாகஜோதியைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அதே சாமான்தான். எம்பிள்ள மூக்குக்குள்ள விட்டிருக்காக. எடுக்கச் சொல்லவா?"

"ஏ, எடுக்கச் சொல்லிறாத!" நாகஜோதி இப்படி அதட்டி அவள் கேட்டதில்லை. "ஆமா, அதுலயும் இருக்கலாம். ஆனா அது இல்லேன்னா பிள்ளைக்குப் பாலே எறங்காது. இப்ப அது உசுரோட இருக்கணும். மத்ததப் பெறகு பாப்போம்."

நர்ஸ் உள்ளே கூப்பிட்டார். வேல்விழி பீய்ச்சிக் கொடுத்த பாலை அந்தக் குழாய் வழியாகத்தான் விட்டார்கள். பால் சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். இறங்க வேண்டும் என்றும் வேண்டினாள், இறங்கக் கூடாது என்றும் பயந்தாள். பதினோரு நாள் அப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் பிள்ளை தானாகவே மார்பைக் கவ்வியது. குழாயை எடுத்தார்கள்.

ஆய்வுக்காகப் பிள்ளையின் இடுப்புத் துணிக்குள் பஞ்சு வைத்து, அது நனைந்ததும் பிழிந்து சிறுநீர் எடுத்தார் நர்ஸ். குழாய் இருந்த நாட்களில் எடுத்ததில் அளவு தாயினுடையதை விட அதிகம். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. குறைந்த அளவை நாகஜோதி மகிழ்ச்சியோடு படித்தாள். வேல்விழி கூடிய அளவைத்தான் மறுபடி படிக்கச் சொன்னாள்.

பிள்ளைக்கு யாழினி என்று பெயர் வைத்தார்கள். குப்புற விழ ஐந்தரை மாதம் ஆனது. அந்தக் கடைசி இரண்டு வாரம் வேல்விழி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குறைமாதத்துப் பிள்ளை கொஞ்சம் பிந்தத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் தெரியும்.

ஒரு வயதானதும் ஆய்வுக்காரர்கள் யாழினியைப் பார்க்க அழைத்தார்கள். மரக்கட்டையைக் கிண்ணத்தில் போடச் சொன்னார் ஓர் அம்மா. யாழினி கட்டையை வாயில் வைத்தாள். இன்னொரு முறை காட்டியதும் யாழினி கட்டையைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு கிண்ணத்தையே தூக்கிக் கீழே போட்டாள்.

"வயசுக்குத் தக்கபடி இருக்கா. அடுத்து மூணு வயசுல கூட்டிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா.

வெளியே வந்ததும் மாரிசெல்வத்தின் போன். "என்ன சொன்னாக?"

"நல்லாருக்காளாம்" என்றாள். பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "இப்போதைக்கு" என்றும் சேர்த்துச் சொன்னாள்.