மூன்று மணிக்கு இறங்காத விமானம்

எங்கள் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகள் இருக்கிற ஸ்கெலட்டனில் சரோஜம்மாவைத் தெரியாதவர் கிடையாது. புருஷன் இன்பராஜ் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. தினமும் ரயிலேறி பெங்களூர் போய், துணி கம்பெனியில் தைத்தே மகன் வேந்தனை இன்ஜினியர் ஆக்கினாள். இப்போது அவன் ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் இருக்கிறான். அன்று இன்பராஜ் செத்த செய்தியை அவளிடம் கொண்டுபோனவன் நான்தான். வேறு எவனுக்கும் அந்தத் துணிச்சல் இல்லை.

போன மாதம் ஒரு நாள், மாலை நாலு மணி இருக்கும். செருப்புகூட இல்லாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“அண்ணா, வேந்தன் ஏறின பிளேன் இன்னும் எறங்கலண்ணா. போன் அணைஞ்சே கீது.”

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்கு கம்பெனி வேலையாகப் போகிறான். பத்து மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்கு இறங்குவேன் என்று சொல்லியிருக்கிறான்.

எங்கள் ஊரில் சுரங்கச் சங்கு ஊதினால் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் ஒரே மணிதான். சுரங்கத்தை மூடி சங்கு நின்று இத்தனை வருஷமாகியும் அது மனசை விட்டுப் போகவில்லை. சங்கு ஊதியும் ஆளை ஏற்றிவரும் கேஜ் மேலே வராவிட்டால் என்ன அர்த்தம் என்று சரோஜம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் நாலாங்கிளாஸ்தான். ஆனால் ரெண்டு லாரிக்குச் சொந்தக்காரனாக இருந்தவன். எந்த வண்டி பம்பாய்க்கு எப்போது போய்ச் சேரும் என்று வீட்டிலிருந்தே சொல்வேன். லாரியானால் என்ன, விமானமானால் என்ன? தூரத்தை வேகத்தால் வகுக்கணும், அவ்வளவுதான். செல்போனிடம் வாயாலேயே தூரம் கேட்டேன். எட்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் என்றது.

“மணிக்கு எண்ணூறு போனாலும் பத்து மணி நேரத்துக்கு மேல ஆவும். அஞ்சு மணி நேரத்துல எந்த பிளேனும் போவாது” என்றேன்.

“அப்போ எங்கண்ணா கீறான் எம்புள்ள?”

கணக்கை மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். “ஏறிட்டேன்னு எப்போ போன் பண்ணான்?”

“காலையில, நான் காபி வெக்கறப்போ. ஏழு தாண்டியிருக்கும்.”

“பத்துக்குன்னு தானே சொன்னான்?”

“முன்னாடியே ஏத்திட்டாங்கன்னு நெனச்சேன்.”

அப்போதுதான் புரிந்தது. “அவங்க ஊர்ல பத்தும்மா அது. நம்ம ஏழரை. ஏறி எறங்கற நேரத்தையும் சேர்த்து பதினோரு மணி நேரம் வெச்சுக்கோ. ஆறரைக்கு முன்னாடி எறங்கவே முடியாது.”

நான் உத்தேசமாகச் சொன்ன ஆறரையை அவள் கெடுவாகப் பிடித்துக்கொண்டாள். கணக்கு தப்பாக இருந்தவரை விமானம் இறங்காததற்கு ஒரு சாக்கு இருந்தது. சரியான பிறகு அதுவும் போயிற்று. வழியெல்லாம் கடல். அவசரத்துக்கு இறங்க ஊர் கிடையாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆறரை ஆனது. போன் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். செய்தி கொண்டுபோன அன்று பார்த்தது போலவே. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அலறியது.

“எறங்கிட்டேம்மா. இங்க மணி மூணேகால்.”

“இன்னாடா மூணேகால்! செருப்பால அடிப்பேன்” என்று கத்திவிட்டு அழுதாள். பிறகு, “எப்போ திரும்பற?”

“வெள்ளிக்கிழமை.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, அந்தக் கணக்கையும் இப்பவே போட்டு வெச்சிடுங்க.”

வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் வந்துவிடுவான் என்றேன்.

“அன்னைக்கு இங்கயே வந்து குந்திக்கட்டா?”

“வாம்மா” என்றேன். தனியாக உட்கார எனக்கும் தைரியமில்லை.