பேருந்தில் ஏறாதவர்

இதழாசிரியரே, வசந்தி அக்காவின் கணவர் கடைசியாகச் சொன்ன சொல்லைக் கெடுத்தது நீங்கள்தான்.

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், அந்த அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். பின்னேரத்திலிருந்து பனி கொட்டுகிறது. வெளியே கார் எது, பனிக்குவியல் எது என்று தெரியவில்லை. உங்களுக்கு எழுதவேண்டிய அடுத்த கட்டுரையைத் தொடாமல் இரண்டாவது படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எழுதேல்லையோ தம்பி?" அக்கா தேநீரை வைக்கிறார்.

"பேந்து எழுதுவம், அக்கா."

"கவனம். அதையும் பஸ்ஸில ஏத்திப்போடுவாங்கள்."

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது கணவர் அவரிடம், "நீ பிள்ளையளோட நட, நான் பேந்து வாறன்" என்றார். பிறகு வரவேயில்லை. அதைப் போன கட்டுரையில் அப்படியே எழுதி உங்களுக்கு அனுப்பினேன். எங்கள் ஊர்ப் பேச்சில் 'பேந்து' என்றால் 'பிறகு'. நீங்கள் எழுத்துப்பிழை என்று நினைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "பேருந்தில் வருகிறேன்" என்று அச்சடித்தீர்கள்.

"அந்த றோட்டில பஸ் எங்க ஓடினது, தம்பி?" அக்கா திரையைப் பார்த்தபடி கேட்கிறார். இப்போது சிரிக்கவில்லை.

எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம். அடுத்த இதழில், எல்லோரும் படிக்க, அக்காவுக்குப் பதில் சொல்லுங்கள்.