பஸ் வரிசையில் பாடிய பாட்டு

என் தம்பி கலையரசனுக்கு இருபத்துமூன்று வயது. காட்டு வேலை முடிந்தால் ராப் பாடுவான். கூடப் பாடுகிறவன் தேன்பாறை ஜீவானந்தம். இருவரும் சேர்ந்து வைத்த பெயர் 'சாமைக்கஞ்சி'. ஒடுகத்தூரில் செல்போன் கடைக்காரர் இவர்கள் பாட்டைத்தான் சத்தமாக வைக்கிறார். "எங்க மலைய எங்க பேச்சுலயே பாடுறாங்க" என்று அமிர்தியிலிருந்து ஒரு பெண் கமெண்ட் போட்டிருந்தாள். எட்டாவதோடு நின்றவள் நான். அதை நாலு முறை படித்தேன். கலை வேகம், ஜீவா கனம், ஒருவன் இல்லாமல் மற்றவன் இல்லை என்பதுதான் ரசிகர்கள் பேச்சு.

ஐப்பசியில் எங்கள் ஒன்பது ஊர்ப் பெயர்களையும் வைத்து ஒரு பாட்டு கட்டினார்கள். ஒரு ஊரும் விட்டுப்போகாமல் எழுதித் தரச் சொன்னான் தம்பி. அடிவாரத்திலிருந்து பஸ் நிற்கிற வரிசையில் எழுதி, மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். பஸ் கடைசியாகப் போய் நிற்கும் ஊர் தேன்பாறை. ஜீவா தன் பகுதியைப் பாடிவிட்டு அறுப்புக்குப் போய்விட்டான். ஊர்ப் பெயர்களைத் தம்பி தனியாகப் பாடினான்.

எங்கள் அம்மன் திருவிழாவில் பொங்கல் முதலில் தேன்பாறைக்குத்தான் போகும். பிறகுதான் மற்ற ஊர்கள். அந்த முறை எனக்குத் தெரியாததல்ல. பாட்டுக்கும் அது உண்டென்று தோன்றவில்லை.

பாட்டை இணையத்தில் போட்டு இரண்டே நாள். நேற்றுவரை இதயம் போட்டவர்களே திட்டினார்கள். "எங்க ஊரு கடைசியாடா? உன் ஊரு மட்டும் மூணாவதா?" இனி அவனோடு மேடை ஏறக்கூடாது என்று ஜீவாவிடம் தேன்பாறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பத்து நாளில் வேலூரில் நிகழ்ச்சி, இருவருக்கும் அதுதான் முதல் பெரிய மேடை. எழுதியது அக்கா என்று தம்பி யாரிடமும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடவுமில்லை.

நான் காலை பஸ்ஸில் தேன்பாறைக்குப் போனேன். ஜீவாவின் அம்மா கன்னியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எழுதிய தாளை ஜீவாவிடம் நீட்டி, தப்பு என்னுடையது என்றேன்.

அவன் நிதானமாகப் படித்தான். "நீங்க தப்பா எழுதலக்கா. பஸ்ஸு இப்டித்தான் வருது. பாடறப்ப எங்க ஊருதான் மொதல்ல அவன் நாக்குல வந்திருக்கணும்."

"மாத்திப் பாடிடுவான்டா."

"பாடுவான். ஆனா எங்க ஊரு காதால கேட்டுச்சே, அத இன்னா பண்றது?"

வேலூருக்கு வருவானா என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். கன்னியம்மாள் முறத்தை நிறுத்தாமல், ஊரில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.

தம்பி பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். உடனே மற்ற ஊர் ரசிகர்கள் பயந்தாங்கொள்ளி என்றார்கள். தேன்பாறையிலிருந்து பதில் வரவில்லை.

வேலூரில் தனியாகத்தான் ஏறினான். ஜீவாவின் பகுதி வந்தபோது மைக்கை இறக்கிக்கொண்டு நின்றான். இசை மட்டும் ஓடியது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஜீவா பெயரைக் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "இன்னொருத்தர் ஏங்க வர்ல?" என்று என்னைக் கேட்டாள். நான்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தம்பி தன் பகுதியைத் தொடங்கிவிட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.