பத்தாவது பாட்டில் பின்னால் போன கார்

‘பொறுமை மிக்கவர். வாய்மொழி அறிவுரையில் தேர்ந்தவர். பயிற்சியின்போது பாட்டு முதலிய கவனச்சிதறல்களுக்கு இடம் தராதவர்.’ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, அங்கே கார் ஓட்டக் கற்றுத்தரும் அவளுக்குக் கொடுத்த சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. எழுதியவர் அவள் காரில் ஏறியதில்லை. ஏறியவர்கள் வைத்த பெயர் ‘கிளட்ச் அக்கா’.

அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், லைசென்ஸ் தேர்வில் நான்கு முறை தோற்றவர். மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்திருந்தது; மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். சொல்லிக்கொடுக்க ஆள் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் மச்சினி சொல்லி ஸ்டியரிங்கைத் திருப்புவது அவருக்கு மானப் பிரச்சினை.

“பிரேக், அத்தான்!”

“எனக்குத் தெரியும்” என்றபடியே குப்பைத் தொட்டியை இடித்தார்.

“இப்போ தொட்டிக்கும் தெரிஞ்சிருக்கும்.”

மச்சினி பேச்சைக் கேட்காதவர், பாட்டு சொன்னால் கேட்பார். வெங்காயம் நறுக்குவதே தாளத்துக்குத்தான். எனவே அவள் பதினொரு பாட்டுகளைப் பொறுக்கி, தேர்வுப் பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ற நீளத்தில் வெட்டி, 1 முதல் 11 வரை எண்ணிட்டாள். முதல் பாட்டு கிளம்ப. இரண்டாவதில் தபேலா துரிதமானால் கியர் மாற்ற. பத்தாவதில் புல்லாங்குழல் இறங்கி வந்தால் ரிவர்ஸ். ஒரு வாரம் அத்தான் சாப்பாட்டு நாற்காலியில் அமர்ந்து, தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்து, கணினியில் கேட்டு ஓட்டினார். பிறகு அவள் எல்லாவற்றையும் சிடியில் எழுதிப் பயிற்சிக் காரில் போட்டாள்.

முதல் பாட்டுக்குக் கார் பூப்போலக் கிளம்பியது. அடுத்து வந்தது புல்லாங்குழல். அத்தான் நடுரோட்டில் நிறுத்தி, கர்மசிரத்தையாகப் பின்னால் வரத் தொடங்கினார்.

“யோவ், முன்னாடி ரோடு இல்லையா?” என்று கத்தினார் தண்ணீர் லாரிக்காரர்.

“பாட்டு அப்படித்தான்யா வருது!”

கணினிக்கு எண்ணத் தெரியும்; கார் பிளேயருக்குத் தெரியாது. முதல் இலக்கத்தைப் பார்த்தே வரிசை கட்டும். ஒன்றுக்கு அடுத்தது பத்து, பதினொன்று, அப்புறம்தான் இரண்டு. அவள் தன் பக்கத்துப் பயிற்சி பிரேக்கை மிதித்துக்கொண்டே சிரித்தாள். அத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக நேர்கோட்டில் ரிவர்ஸ் எடுத்திருந்தார். புதிய சிடி எழுதினாள். அதில் பழகியே மாதக் கடைசி வந்தது.

தேர்வு அன்று முன்னிருக்கையில் ஏறிய அதிகாரி முதலில் பிளேயரை அணைத்தார். அத்தான் பிளேயரையே பார்த்தார். பின்னிருக்கையில் இருந்த அவள், தேர்வின்போது வாயைத் திறக்கக் கூடாது என்பதால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து முதல் பாட்டு மெல்லிய முனகலாகக் கேட்டது. கார் நகர்ந்தது.

“என்ன முணுமுணுக்கறீங்க?” என்றார் அதிகாரி.

“வேண்டுதல் சார்.”

வேண்டுதல் பதினொன்றும் வரிசை பிசகாமல் முடிந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

“பாத்தியா? யாரும் சொல்லித் தராமலே ஓட்டிட்டேன்!”

“ஆமா, அத்தான்.”

அவள் செய்தது இதுதான்: பதினொரு பாட்டுகளை இரண்டு முறை சிடியில் எழுதினாள். இரண்டாம் முறை, முதல் ஒன்பது எண்களுக்கு முன்னால் 01, 02 என்று ஒரு பூஜ்யம் போட்டாள்.